பன்றி இல்லாத கடை எல்லாம் ஹலால் கடை ஆகுமா?

கூத்தாநல்லூரிலிருந்து ஒரு சகோதரி மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். அவருடைய மகன் சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் வேலை பார்க்கிறார். அவர் தங்கியிருக்கும் இடத்துக்கு அருகில், கோழி சாப் எனப்படும் கோழித் துண்டு, மீனும் உருளைக்கிழங்கு வறுவலும், ஸ்பகெட்டி போன்ற மேற்கத்திய உணவுகளைக் குறைந்த விலைக்கு விற்கும் ஒரு சங்கிலி உணவகத்தின் இரண்டு கிளைகள் இருக்கின்றன. ஒரு கிளையின் வாசலில் ஹலால் சான்றிதழ் மாட்டியிருக்கிறது. இன்னொரு கிளையில் ‘பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை’ என்ற பலகை மட்டும் இருக்கிறது. பெயரும் உணவுப் பட்டியலும் ஒன்றாக இருக்கும்போது இந்த வேறுபாடு ஏன் என்பது முதல் கேள்வி. இவ்வளவு மலிவாகக் கொடுக்கும் கடையின் சான்றிதழை நம்பலாமா என்பது இரண்டாவது. தஞ்சாவூரில் அண்மையில் திறந்த ஒரு பர்கர் கடையில் அரபு எழுத்துகளுடன் ஒரு தாளைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கிறார்கள், அதுவும் சிங்கப்பூர்ச் சான்றிதழும் ஒன்றுதானா என்பது மூன்றாவது.

நான் நாகூர்க்காரன். 2008 முதல் 2022 வரை சிங்கப்பூரில் இதே வகையைச் சேர்ந்த ஒரு மேற்கத்திய உணவுச் சங்கிலியின் மையச் சமையற்கூடத்தில் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்தேன். அதில் கடைசி ஏழு ஆண்டுகள் அந்த நிறுவனத்தின் ஹலால் குழுவில் இருந்தேன். நான் ஆலிம் அல்லன். மார்க்கத் தீர்ப்பு வேண்டுமானால் உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் இமாமிடம்தான் கேட்க வேண்டும். சமையற்கூடத்துக்குள் என்ன நடக்கிறது, அந்தத் தாளுக்குப் பின்னால் என்ன வேலை இருக்கிறது என்பதை மட்டும் கண்டதைக் கண்டபடி சொல்கிறேன்.

நம் ஊர்ப் பழக்கத்திலிருந்து தொடங்கினால்தான் மற்றவை விளங்கும். காவிரிக் கரை ஊர்களில் ஹலால் என்பது ஒரு தாளாக என்றுமே இருந்ததில்லை, அது ஒரு முகமாகவே இருந்து வந்திருக்கிறது. கறிக்கடையில் அறுப்பவர் யார், எந்தத் தெருவைச் சேர்ந்தவர், ஐந்து வேளையும் பள்ளிக்கு வருபவரா என்பது வாங்குபவர்களுக்குத் தெரியும். கடை வேற்று மதத்தவருடையதாக இருந்தாலும், ஆட்டை அறுப்பதற்கென்று ஒரு பாயை வைத்துக்கொள்ளும் வழக்கம் தஞ்சை மாவட்டக் கறிக்கடைகளில் பல காலமாக உண்டு. ‘பாய் அறுத்தது’ என்ற இரண்டு சொல்லே அங்கே சான்றிதழ். வீட்டுக்கு வந்த பிறகு சமைப்பது நம் வீட்டுச் சட்டியில், நம் எண்ணெயில். ஆகவே அறுப்பு ஒன்றைத் தவிர வேறு எதையும் நாம் கேட்டுப் பழகவில்லை. சங்கிலி உணவகத்தில் இந்த முகம் இல்லை. கோழி பிரேசிலில் அறுக்கப்பட்டு உறைந்த நிலையில் கப்பலேறுகிறது, ரொட்டியை ஒரு தொழிற்சாலை சுடுகிறது, சாஸை இன்னொரு தொழிற்சாலை காய்ச்சுகிறது, மையச் சமையற்கூடம் இறைச்சியை மசாலாவில் ஊறவைத்துப் பொட்டலம் கட்டுகிறது, கிளையில் இருக்கும் பையன் அதைப் பொரித்துத் தட்டில் வைக்கிறான். இவர்களில் ஒருவரையும் நமக்குத் தெரியாது. தெரிந்த முகத்தின் இடத்தில் நிற்பதற்காக வந்ததுதான் சான்றிதழ். அந்தத் தாள் எத்தனை கைகளுக்குப் பொறுப்பேற்கிறது என்று பார்த்தால்தான் அதன் மதிப்பு தெரியும்.

இப்போது பலகைக்கு வருகிறேன். ‘பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை’ என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனால் அது ஹலால் என்று சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அந்தக் கடையின் கோழி எங்கே, யாரால், எப்படி அறுக்கப்பட்டது என்று பலகை பேசவில்லை. மேற்கத்தியச் சமையலில் மது எங்கெல்லாம் நுழைகிறது என்பதை நம் ஊரிலிருந்து ஊகிப்பது கடினம். காளான் சாஸில் ஒயின் ஊற்றுவார்கள். மாட்டிறைச்சித் துண்டுக்கு மேல் ஊற்றும் பழுப்புக் குழம்பில் சிவப்பு ஒயின் இருக்கலாம். மீனைத் தோய்க்கும் மாவு மொறுமொறுப்பாக வருவதற்காக அதில் பீர் கலப்பது மேற்கத்தியச் சமையலில் இயல்பான முறை. மீனுக்கு அறுப்பே தேவையில்லை, ஆகவே மீன் சாப்பிட்டால் பயமில்லை என்று வெளிநாடு போகும் நம் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். மீனைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் அந்த மாவில் என்ன இருந்தது, அதே எண்ணெயில் அதற்கு முன் எது பொரிக்கப்பட்டது என்பதை மீன் சொல்லாது.

கண்ணுக்குத் தெரியாதவை இன்னும் உண்டு. இனிப்புகளை உறைய வைக்கும் ஜெலட்டின், பன்றித் தோலிலிருந்தும் எடுக்கப்படுகிறது, மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுகிறது, மீனிலிருந்தும் எடுக்கப்படுகிறது. பொட்டலத்தில் ‘ஜெலட்டின்’ என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கும். பாலைத் திரிய வைத்துப் பாலாடைக்கட்டி ஆக்கும் ரென்னட் கன்றின் இரைப்பையிலிருந்து வரலாம், நுண்ணுயிரிலிருந்தும் வரலாம். ரொட்டியும் ஐஸ்கிரீமும் மென்மையாக இருப்பதற்குச் சேர்க்கும் ஈ 471 என்ற பொருள் பனை எண்ணெயிலிருந்து வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். எண் ஒன்றுதான், மூலம் வேறு. பலகை மாட்டியவருக்கே இவை தெரியாமல் இருக்க வாய்ப்பு உண்டு. அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன். அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் தம் சப்ளையரிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சான்றிதழ் என்பது இந்தக் கேள்விகளை எல்லாம் ஒருவர் உட்கார்ந்து கேட்டதற்கான ஆதாரம். சிங்கப்பூரில் அதைக் கேட்கும் அதிகாரம் ஒரே அமைப்புக்குத்தான் உண்டு. முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தின் கீழ் 1968இல் நிறுவப்பட்ட சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம், அதாவது முயிஸ், 1978 முதல் ஹலால் சான்றிதழ் வழங்கி வருகிறது. அந்தச் சட்டத்தின் 88ஏ பிரிவின்படி, முயிஸின் அனுமதியின்றி ஹலால் சான்றிதழ் கொடுப்பதும், அதன் முத்திரையையோ அதைப் போன்ற ஒன்றையோ பயன்படுத்துவதும் குற்றம். 10,000 சிங்கப்பூர் வெள்ளி, அதாவது டாலர், வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கலாம். இந்த ஒரு பிரிவுதான் அந்தத் தாளுக்கு முதுகெலும்பு. மெக்டொனால்ட்ஸ் 1979இல் சிங்கப்பூரில் கடை திறந்தது, 1992இல்தான் ஹலால் சான்றிதழ் பெற்றது. நடுவில் இருந்த பதின்மூன்று ஆண்டுகளும் நம்மவர்கள் அந்தக் கடையைக் கடந்து போனவர்கள்தாம். 1992க்குப் பிறகு சிங்கப்பூரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தத் தயக்கம் என்னவென்றே தெரியாது.

உங்கள் முதல் கேள்விக்கு விடை, சான்றிதழ் பெயருக்குக் கொடுக்கப்படுவதில்லை, இடத்துக்குக் கொடுக்கப்படுகிறது என்பதே. ஒரு நிறுவனத்துக்கு இருபது கிளைகள் இருந்தால் ஒவ்வொன்றும் தனியே விண்ணப்பிக்க வேண்டும், ஒவ்வொன்றும் தனியே சோதிக்கப்பட வேண்டும். மையச் சமையற்கூடத்துக்குத் தனிச் சான்றிதழ், கிளைக்குத் தனிச் சான்றிதழ். தாளில் அந்தக் கிளையின் முகவரியும் காலாவதித் தேதியும் அச்சிடப்பட்டிருக்கும். ஆகவே ஒரு கிளையில் தாள் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை என்றால், இல்லாத கிளை இன்னும் சோதனைக்கு உட்படவில்லை அல்லது தேறவில்லை என்று பொருள். இரண்டுக்கும் ஒரே வண்டியில் ஒரே கோழி இறங்கினாலும் கணக்கு இதுதான், ஏனென்றால் கோழியோடு விஷயம் முடிவதில்லை. அடுப்பு, எண்ணெய்ச் சட்டி, குளிர்பெட்டி, கத்தி, கழுவும் தொட்டி, அங்கே வேலை செய்பவர்கள் என்று எல்லாமே கிளைக்குரியவை. உங்கள் மகன் கடைப் பெயரைப் பார்த்து நுழையாமல் தாளிலுள்ள முகவரியைப் பார்த்து நுழைய வேண்டும். முயிஸின் இணையதளத்திலேயே கடைப் பெயரைத் தட்டி எந்தெந்தக் கிளைக்குச் சான்றிதழ் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு கிளையைச் சான்றிதழுக்குத் தயார் செய்வதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். எங்கள் நிறுவனம் ஒரு முறை, முன்பு பன்றி இறைச்சி விற்ற ஒரு கடையின் இடத்தை வாடகைக்கு எடுத்தது. மரப் பலகைகளையும் மரக் கைப்பிடி போட்ட கரண்டிகளையும் தூக்கி எறிந்துவிட்டார்கள், அவற்றுள் ஊறியதைக் கழுவ முடியாது என்பதால். எஃகு மேசைகளையும் தொட்டிகளையும் குளிர்பெட்டியின் உள்தட்டுகளையும் மார்க்க முறைப்படி சுத்தம் செய்தார்கள். இஸ்லாமியச் சட்ட மரபுகளுள் ஒன்றான ஷாஃபி மத்ஹபின்படி கடும் நஜீஸ், அதாவது பன்றி போன்றவற்றின் அசுத்தம், பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை தூய மண் கரைத்த நீரால் கழுவ வேண்டும். ஒரு வாளியில் செம்மண்ணைக் கரைத்து, பளபளக்கும் எஃகு மேசையின் மேல் ஊற்றி, அந்தப் பழுப்பு நீர் மூலை முடுக்கெல்லாம் ஓடும்படி கையால் தேய்த்துவிட்டு, பிறகு ஆறு முறை வெறும் நீர் விட்டார்கள். எங்கள் மேலாளர் சீனர், இந்த வழிமுறையை முன்பின் அறியாதவர். கடைசி வரை நின்று ஒவ்வொரு முறையையும் விரல் விட்டு எண்ணினார். எண்ணிக்கை தவறினால் மறுபடி முதலிலிருந்து என்று அவரே சொன்னார். அந்த மனிதரின் கவனம் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. முயிஸ் கேட்கும் ஹலால் தர மேலாண்மை முறை பத்துக் கோட்பாடுகளைக் கொண்டது. முதல் கோட்பாடு, நிறுவனத்துக்குள்ளேயே முஸ்லிம் பணியாளரை உள்ளடக்கிய ஒரு ஹலால் குழுவை அமைப்பது. பொருள் வாசலில் இறங்குவது முதல் தட்டில் வைப்பது வரை ஒவ்வொரு படியையும் வரைபடமாக எழுதி, எந்தப் படியில் ஹலால் கெட வாய்ப்பு இருக்கிறது என்று குறித்து, அந்த இடத்தில் என்ன தடுப்பு, யார் பார்ப்பது, தவறினால் என்ன செய்வது என்று பதிவேடு வைக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புக்காகத் தொழிற்சாலைகள் வைத்திருக்கும் முறையின் தம்பி என்று இதைச் சொல்லலாம். சோதனை அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வருவார். வந்தவுடன் சமையற்காரரிடம் பேச மாட்டார். குளிர்பெட்டியைத் திறந்து ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்து, இதன் விலைப்பட்டி எங்கே, இதன் ஹலால் ஆவணம் எங்கே என்றுதான் கேட்பார்.

என் கைக்கு வந்த ஒரு சிறு பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூண்டு ரொட்டியில் வெண்ணெய் தடவுவதற்கு வெள்ளை முடி வைத்த தட்டையான தூரிகைகளை வாங்குவோம். பல ஆண்டுகள் யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை, ஏனென்றால் அது உணவுப் பொருள் அல்ல, பாத்திரக் கணக்கில் வருவது. ஒரு நாள் எங்கள் குழுவிலிருந்த மலாய்ப் பெண் ஒருவர் தூரிகையின் கைப்பிடியில் பொடி எழுத்தில் ‘இயற்கை முடி’ என்று அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு என் மேசைக்குக் கொண்டுவந்தார். சப்ளையரைக் கேட்டோம். இரண்டு நாள் கழித்துப் பன்றி முடி என்று பதில் வந்தது. அன்று மாலையே எல்லாக் கிளைகளிலும் இருந்த தூரிகைகளைத் திரும்பப் பெற்று, தொட்ட பாத்திரங்களை முறைப்படி கழுவி, சிலிக்கான் தூரிகைகளுக்கு மாறினோம், நடந்ததை எழுதி முயிஸுக்கும் தெரிவித்தோம். சான்றிதழ் பெற்ற கடையிலேயே இப்படி நடந்ததா என்று உங்களுக்கு அதிர்ச்சியாக இருக்கலாம். எனக்கும் பல நாள் உறக்கம் வரவில்லை. ஆனால் அந்தப் பெண் அங்கே இருந்ததற்கும், அவர் கேட்ட கேள்வியை நிறுவனம் தட்டிக்கழிக்க முடியாமல் போனதற்கும் காரணம் சான்றிதழ்தான். பலகை மட்டும் மாட்டிய கடையில் அந்தத் தூரிகை இன்றைக்கும் வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கும்.

மலிவு பற்றிய இரண்டாம் கேள்வியை நம் ஊரில் பலர் கேட்கிறார்கள். விலை குறைவு என்றால் எங்கோ கை வைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் இயல்பு. இந்த வகை உணவகங்களில் விலை குறைவதற்கு இறைச்சியின் அறுப்பு காரணமல்ல. மையச் சமையற்கூடத்தில் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான துண்டுகளை ஊறவைப்பதும், கிளையில் தேர்ந்த சமையற்காரர் இல்லாமல் பயிற்சி பெற்ற இளைஞர்களை வைத்து நடத்துவதும், உணவை நாமே போய் வாங்கிவரச் செய்வதும், உணவுப் பட்டியலைச் சுருக்கி வைப்பதுமே காரணம். உலகச் சந்தையில் கோழி இறைச்சி ஏற்றுமதி செய்யும் மிகப் பெரிய நாடான பிரேசில் அரபு நாடுகளுக்கும் அனுப்புவதால், அங்கே ஹலால் முறையில் அறுப்பது ஒரு பெருந்தொழிலாகவே நடக்கிறது. ஆகவே ஹலால் கோழி என்பதற்காகத் தனியே பெரும் விலை கொடுக்க வேண்டியதில்லை. நிறுவனத்துக்குச் சுமை வேறு இடத்தில். கட்டணம், பயிற்சி, ஆவணம் பார்க்கும் ஆள் என்பவை செலவு. பீரும் ஒயினும் விற்க முடியாது என்பது அதைவிடப் பெரிய இழப்பு, ஏனென்றால் உணவகத் தொழிலில் மதுவில்தான் லாபம் கூடுதல். இத்தனையையும் தாங்கிக்கொண்டு ஒரு மலிவு விலைக் கடை ஏன் சான்றிதழுக்குப் போகிறது என்றால், கூட்டம் வேண்டும் என்பதற்காக. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்வாசிகளில் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 15.6 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். ஆனால் அலுவலகத்திலிருந்து பத்துப் பேர் சேர்ந்து சாப்பிடப் போகும்போது, அதில் ஒருவர் முஸ்லிமாக இருந்தால் பத்துப் பேரும் ஹலால் கடைக்குத்தான் போகிறார்கள். குறைந்த லாபத்தில் நிறையத் தட்டு விற்க வேண்டிய கடைக்கு அந்தப் பத்துப் பேர் முக்கியம். எனவே இங்கே மலிவும் ஹலாலும் ஒன்றுக்கொன்று எதிரிகள் அல்ல.

நெருக்கடி வரும்போதுதான் மலிவுக் கடை சோதிக்கப்படுகிறது. 2022 ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்த கோழியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மலேசியாவிலிருந்து வந்தது. எந்தப் புதிய சப்ளையர் குறைந்த விலையில் கொடுக்கிறார் என்று எல்லாரும் அலைந்தார்கள். என் மேசைக்கு வந்த விலைப்பட்டியல்களில் மலிவானவற்றுள் இரண்டை நான் ஒதுக்க வேண்டியிருந்தது, அவற்றோடு வந்த ஹலால் ஆவணத்தைக் கொடுத்த அமைப்பு முயிஸ் ஏற்றுக்கொண்ட வெளிநாட்டு அமைப்புகளின் பட்டியலில் இல்லாததால். அந்த மாதம் சில கிளைகளில் கோழி சாப் தீர்ந்து, பட்டியலில் அதன் மேல் காகிதம் ஒட்டினோம். விற்க முடியாமல் போன அந்த நாள்களில்தான் இந்த வேலையின் மேல் எனக்கு மதிப்புக் கூடியது.

சான்றிதழ் வாடிக்கையாளரையும் கட்டுப்படுத்தும் என்பதையும் உங்கள் மகனிடம் சொல்லி வையுங்கள். வெளியிலிருந்து ஹலால் அல்லாத உணவை அந்தக் கடைக்குள் கொண்டுவந்து உண்ணக் கூடாது. மலேசியாவில் மெக்டொனால்ட்ஸ், ஹலால் சான்றிதழ் உள்ள பிறந்தநாள் கேக்கை மட்டுமே கடைக்குள் அனுமதிப்போம் என்று 2017இன் தொடக்கத்தில் அறிவித்தபோது பலர் முகம் சுளித்தார்கள். சமையற்கூடத்தில் நின்றவர்களுக்கு அதன் காரணம் தெரியும், அந்தக் கேக் வெட்டிய கத்தி கடையின் தொட்டியில்தான் கழுவப்படும். சிங்கப்பூர் உணவங்காடி நிலையங்களில் தட்டுகளைத் திருப்பி வைக்கும் இடத்தில் ஹலாலுக்கு ஒரு நிலைப்பேழை, மற்றவற்றுக்கு ஒரு நிலைப்பேழை என்று பிரித்து வைத்திருப்பதும் இதற்காகத்தான். புதிதாகப் போகும் நம் பிள்ளைகள் அவசரத்தில் மாற்றி வைத்துவிடுகிறார்கள், அதைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

எல்லா நாட்டிலும் சட்டம் இப்படி முதுகு கொடுப்பதில்லை. காரைக்காலில் பிரான்ஸ் குடியுரிமை உள்ள குடும்பங்கள் நிறைய இருப்பதால் அந்த நாட்டுக் கதை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். குயிக் என்ற பர்கர் சங்கிலி 2009 நவம்பரில் பிரான்சில் தன் எட்டுக் கிளைகளை முழு ஹலால் கிளைகளாக மாற்றிப் பார்த்தது. பன்றிப் பேக்கனுக்குப் பதில் புகையூட்டிய வான்கோழி இறைச்சி வந்தது, பீர் மது இல்லாத பீராக மாறியது. ரூபே நகர மேயர் இது மற்றவர்களுக்கு எதிரான பாகுபாடு என்று புகார் செய்தார், பெரும் விவாதம் நடந்தது. ஆனாலும் விற்பனை ஏறியதால் 2010 செப்டம்பரில் 22 கிளைகள் ஹலால் ஆயின. ஆனால் பிரான்சில் முயிஸ் போன்ற ஒற்றை அமைப்பு கிடையாது. அறுப்பவருக்கு அனுமதி அட்டை கொடுக்கும் உரிமை பாரிஸ், லியோன், எவ்ரி ஆகிய மூன்று பள்ளிவாசல்களுக்கு உண்டு, சான்றிதழ் கொடுப்பவை பல தனியார் அமைப்புகள், அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. கோழியை மின்னதிர்ச்சியால் மயக்கிய பின் அறுக்கலாமா, இயந்திரம் அறுக்கலாமா என்பதில் ஒரு அமைப்பு ஏற்பதை இன்னொன்று ஏற்காது. அங்கே இருப்பவர்கள் தாளைப் பார்த்தால் மட்டும் போதாது, கொடுத்தவர் எதை ஏற்பவர் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

கருத்து வேறுபாடு நமக்குப் புதிதல்ல. நாகூர், காரைக்கால் போன்ற கரையோர ஊர்களில் ஷாஃபி மத்ஹபினரும், உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில் ஹனஃபி மத்ஹபினரும் மிகுதி. எங்கள் தெருவில் மாலையில் சுடச்சுட இறால் வைத்த வாடா என்ற பலகாரம் போடாத நாள் கிடையாது, கணவாய்க் கறியும் வீட்டில் சாதாரணம். ஹனஃபி வீட்டில் பெண் எடுத்த என் உறவினர் ஒருவர் வீட்டில் கணவாய் அடுப்பேறாது, இறாலைப் பற்றியும் அவர்களுக்குள் இரண்டு கருத்து உண்டு. சிங்கப்பூர்ச் சான்றிதழ் பெற்ற கடையில் கணவாய் வறுவல் பட்டியலில் இருக்கும். அதை உண்பதா வேண்டாமா என்பது உங்கள் மகன் தம் மத்ஹபைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது, சான்றிதழின் குறை அல்ல.

தஞ்சாவூர்க் கடைக்கு வருகிறேன். இந்தியாவில் உள்நாட்டு உணவகங்களுக்கு ஹலால் சான்றிதழ் வழங்கும் அரசு அமைப்பு எதுவும் இல்லை. பொட்டலத்திலும் பில்லிலும் இருக்கும் 14 இலக்க எண் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் எண், அதற்கும் ஹலாலுக்கும் தொடர்பில்லை. சான்றிதழ் கொடுப்பவை தனியார் அமைப்புகள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஹலால் இந்தியா, ஜமியத் உலமாயே ஹிந்தின் ஹலால் அறக்கட்டளை ஆகியவை அவற்றுள் அறியப்பட்டவை. ஏற்றுமதி இறைச்சிக்கு மட்டும் 2023இல் மத்திய அரசு விதிமுறை கொண்டுவந்தது. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேச அரசு, ஏற்றுமதி தவிர, ஹலால் சான்றிதழ் பெற்ற பொருள்களின் விற்பனைக்குத் தடை விதித்தது. தமிழ்நாட்டில் அப்படித் தடை இல்லை. பன்னாட்டுச் சங்கிலிகளைப் பொறுத்தவரை, மெக்டொனால்ட்ஸ் தன் இந்தியக் கிளைகள் அனைத்துக்கும் ஹலால் சான்றிதழ் உண்டு என்று 2019 ஆகஸ்டில் வெளிப்படையாகவே சொன்னது. சிறிய உள்நாட்டுச் சங்கிலிகளில்தான் குழப்பம்.

ஆகவே நீங்கள் பார்த்த தாளும் சிங்கப்பூர்த் தாளும் ஒரே வகையல்ல. அதற்காக அது வெற்றுத் தாள் என்றும் நான் சொல்லவில்லை. அரபு எழுத்து இருப்பது எதற்கும் ஆதாரமில்லை என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். கொடுத்த அமைப்பின் பெயர், யாருக்குக் கொடுத்தது, எந்த முகவரிக்கு, எந்தத் தேதி வரை என்ற நான்கையும் படியுங்கள். சென்ற ஆண்டு தஞ்சாவூரில் ஒரு பொரித்த கோழிக் கடைக்குப் பேரப்பிள்ளைகளுடன் போனபோது இதையே செய்தேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த தாள் உண்மையான அமைப்பு ஒன்று கொடுத்ததுதான், தேதியும் முடியவில்லை. ஆனால் அதிலிருந்த பெயர் அந்தக் கடையுடையது அல்ல, வெளி மாநிலத்தில் இருக்கும் ஒரு கோழி பதப்படுத்தும் தொழிற்சாலையுடையது. கோழிக்கு மட்டும் அது சான்று. சாஸுக்கும் ரொட்டிக்கும் எண்ணெய்க்கும் அது பேசவில்லை, அந்தக் கடை எப்போதும் அந்தத் தொழிற்சாலையிலிருந்துதான் வாங்குகிறது என்பதற்கும் அது சான்று அல்ல.

கல்லாவில் இருந்த இளைஞரிடம் குரலை உயர்த்தாமல், “தம்பி, இன்னைக்கு வந்த கோழி அட்டைப்பெட்டி ஒண்ணைக் காட்ட முடியுமா” என்று கேட்டேன். அவர் முதலில் தயங்கினாலும் உள்ளே போய் ஒரு காலிப் பெட்டியைக் கொண்டுவந்தார். பெட்டியில் அதே தொழிற்சாலையின் பெயரும் அதே முத்திரையும் இருந்தன. பிறகு சாஸ் பொட்டலங்களையும் அவரே எடுத்து வந்து மேசையில் பரப்பினார். பிள்ளைகள் பசியோடு உட்கார்ந்திருக்க, நாங்கள் இருவரும் சேர்ந்து ஒவ்வொன்றின் பின்புறத்தையும் படித்தோம். ஒன்றில் மட்டும் ஈ 471 இருந்தது, பக்கத்திலேயே சைவத்துக்கான பச்சைப் புள்ளியும் இருந்தது. அந்தப் புள்ளி இருந்தால் விலங்குக் கொழுப்பு இல்லை என்று அவருக்கு விளக்கினேன். மது இல்லை என்பதற்கு அது சான்றாகாது என்பதால் மற்ற பொருள்களின் பெயர்களையும் வரிவரியாகப் படித்த பிறகே பிள்ளைகளுக்குச் சொல்லி வாங்கிக் கொடுத்தேன். கிளம்பும்போது அந்த இளைஞர், கடைக்கென்று தனிச் சான்றிதழ் வாங்க எங்கே எழுத வேண்டும் என்று கேட்டு, பில்லின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார்.